குளிப்பாட்ட வரும்போதெல்லாம் அம்மா கையைத் தட்டிவிடுகிறார். நோட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுகிறார்கள்

மூத்தமகள்:

அம்மாவுக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வந்த பக்கவாதத்தில் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. பிறகு மறதி நோயும் சேர்ந்துகொண்டது. தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. ஏழு மாதமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார்.

அங்கே ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு நோட்டு தொங்கும். மருந்து, சாப்பாடு, சிறுநீர், மலம், குளியல் என்று கட்டம் போட்டு எழுதுவார்கள். அம்மாவின் நோட்டில் குளியல் கட்டத்தில் வாரக்கணக்காக ஒரே சொல்தான்: "ஒத்துழைக்கவில்லை". கேட்டால், "அடிக்கிறார், கிள்ளுகிறார், நாங்கள் என்னதான் செய்வது?" என்கிறார்கள். எங்களில் ஒருவரையும் கைநீட்டி அடித்தறியாதவர் என் அம்மா.

சென்ற செவ்வாய்க்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விட்டேன். திரைச்சீலை பாதிதான் இழுத்திருந்தது. அம்மாவின் உடம்பில் ஒரு துணி இல்லை. ஒருவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கையை மேலே தூக்கியிருக்க, இன்னொருவர் அக்குளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் மறுநாள் யாருக்கு எந்த நேரப் பணி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, மற்றக் கையால் கட்டில் கம்பியைப் பற்றியிருந்தார். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. பேசினில் கைவைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

நான் சண்டை போடவில்லை. அந்தப் பெண்கள் கெட்டவர்களும் இல்லை. மதியம் அம்மாவுக்குப் பொறுமையாக ஊட்டிவிடுவதும் அவர்களேதான். ஆனால் அன்று முதல் எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிக்க மறுப்பவரை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

சகோதரி, பதினாறு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். நீங்கள் பார்த்த அந்த இரண்டு பேரில் ஒருவராக நானும் பல காலை வேளைகளில் நின்றிருக்கிறேன். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

கட்டிலில் படுத்திருப்பவர் பக்கம் இருந்து பாருங்கள். தூக்கத்திலிருந்து விழிக்கிறார். முகம் நினைவில் இல்லாத இருவர் போர்வையை உருவுகிறார்கள், ஆடையைக் கழற்றுகிறார்கள், ஈரத்துணியை முகத்தில் வைக்கிறார்கள். குளியல் என்ற சொல்லே நினைவில் நிற்காதவருக்கு இது என்னவாகத் தோன்றும்? தட்டிவிடுவது தற்காப்பு.

நான் செய்யும் முறை இது. முதலில் கண் மட்டத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி அழைத்து, பதில் வரும்வரை காத்திருப்பேன். பதில் என்றால் சொல்லாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. பார்வை திரும்பினாலே போதும். பிறகு கையை அவர் கைக்குக் கீழே நீட்டுவேன். அவராக வைத்தால்தான் அடுத்த வேலை. தண்ணீரை 40 டிகிரி சுற்றி வைத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பார்ப்பேன். பேசின் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும், நடுவில் ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். உடம்பு முழுவதையும் பெரிய துண்டால் மூடி, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து, துடைத்து, ஒற்றி உலர்த்தி, மூடிவிட்டுத்தான் அடுத்த பகுதி. நல்ல கையில் ஒரு சிறு துணியைக் கொடுத்துவிடுங்கள். அவர் தன் முகத்தையோ மார்பையோ துடைத்துக்கொள்வார். துடைக்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கைக்கு ஒரு வேலை இருக்கிறது.

முக்கியமான ஒன்று: அழுகிறார், இறுகுகிறார் என்றால் நிறுத்திவிடுங்கள். அரை மணி கழித்து மறுபடி வரலாம். மலம் ஒட்டியிருந்தால் மட்டும் ஒத்திப்போட முடியாது. அப்போதும் அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம்.

தெளிவு:

நல்ல மனத்தோடு எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் அப்பாவும் ஒரு இல்லத்தில்தான் இருந்தார். "ஐயா வேண்டாம் என்றார், அதனால் விட்டுவிட்டோம்" என்று சொல்லிச் சொல்லியே நாள் கடத்தினார்கள். ஒருநாள் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் அக்குளும் தொடை இடுக்கும் வெந்துபோய்ப் பிசுபிசுவென்று இருந்தன. வேண்டாம் என்று சொல்லும் குழந்தையை நாம் குளிப்பாட்டாமல் விடுகிறோமா? சுத்தம் என்பது விருப்பத்துக்கு விடக்கூடியதில்லை. தினமும் தலை முதல் கால் வரை தண்ணீர் பட்டாக வேண்டும்.

வார்டுசெவிலி:

தெளிவு ஐயா, உங்கள் அப்பாவுக்கு நடந்தது புறக்கணிப்பு. "மறுத்தார்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எங்கள் துறையின் பெரிய குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் முழுக்குளியல் வேண்டும் என்பதை மறுக்கிறேன்.

முதியவர்களின் தோல் மெலிந்து, எண்ணெய்ப்பசை குறைந்திருக்கும். தோலின் அமில-கார அளவு (pH) இயல்பாக 5 சுற்றி, அதாவது லேசான அமிலமாக இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்ற அளவில் காரத்தன்மை உடையது. தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அந்தத் தோல் வறண்டு வெடிக்கும், அரிக்கும், சட்டை மாற்றும்போது உராய்ந்தாலே கிழியும். ஆஸ்திரேலியாவில் 14 முதியோர் இல்லங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இரண்டு முறை ஈரப்பதக் களிம்பு பூசியவர்களுக்குத் தோல் கிழிவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஆகவே முழுக்குளியல் வாரம் இரண்டு முறை போதும். ஆனால் முகம், கை, அக்குள், மார்பின் அடிமடிப்பு, வயிற்று மடிப்பு, தொடை இடுக்கு, மறைவிடம், கால்விரல் இடுக்கு ஆகியவை தினமும் துடைக்கப்பட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு வெந்துபோன இடங்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன, பாருங்கள். மடிப்புகளில் பவுடர் கொட்டாதீர்கள். வியர்வையில் கட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒற்றி உலர்த்தினாலே போதும்.

பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம். பின்னிருந்து முன்னால் இழுத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்த் தொற்றாகிவிடும். ஆண்களுக்கு முன்தோல் எளிதாகப் பின்னே வருமானால் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, மறக்காமல் முன்னால் இழுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் வீங்கி இறுகி, அவசர சிகிச்சை வரை போகும்.

மூத்தமகள் அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி. அன்று அவர்கள் தூக்கிப் பிடித்திருந்தது எந்தக் கை? பக்கவாதம் வந்த கையா?

மூத்தமகள்:

ஆமாம். இடது கை. செயலிழந்தது அதுதான். ஏன் கேட்கிறீர்கள்?

வார்டுசெவிலி:

நினைத்தேன். பக்கவாதத்தில் தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்துவிட்டால், கையின் எடையே தோள்மூட்டை அதன் குழியிலிருந்து கீழே இழுத்துவிடும். அந்தக் கையை மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குவது கடும் வலி. பேசத் தெரிந்தவர் அலறுவார். மறதி நோய் வந்தவரால் "தோள் வலிக்கிறது" என்று சொல்லை எடுக்க முடியாது. நல்ல கையால் கிள்ளத்தான் முடியும்.

அடுத்த முறை போகும்போது இடது தோளின் மேல் நுனியை மெல்லத் தொட்டுப் பாருங்கள். எலும்புக்குக் கீழே விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தெரியாவிட்டாலும் காட்டுங்கள். அதுவரை அந்தக் கையை யாரும் இழுக்கக் கூடாது. ஒரு கையை முழங்கைக்குக் கீழும் மற்றதை முன்கைக்குக் கீழும் கொடுத்துத் தாங்கி, அக்குளில் துணி நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கினால் போதும். சட்டையைப் போடும்போது விழுந்த கை முதலில்; கழற்றும்போது அது கடைசியில்.

கட்டிலிலிருந்து:

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு 58 வயது. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டதால் கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. ஒன்பது ஆண்டுகளாகப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறேன். நான் சொல்வதைக் கைபேசி எழுத்தாக்குகிறது. எனக்கு நினைவு தவறவில்லை. அதனால் பேச முடியாதவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

என்னைச் சுத்தம் செய்ய வருபவர் கதவைத் தட்டுகிறாரா என்பதிலேயே அந்த நாள் எனக்குத் தெரிந்துவிடும். டயபரைத் திறக்கும்போது மூக்கைச் சுளிக்கிறாரா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னால் அந்த நேரத்தில் செய்ய முடிந்தது பார்ப்பது ஒன்றுதான். ஒருவர் இருந்தார். என் வயதை ஒத்தவர். "இப்போது இடது பக்கம் திருப்பப் போகிறேன் ஐயா, தயாரா?" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் திருப்புவார். மூன்று நொடிகூட ஆகாது. ஆனால் அந்த மூன்று நொடியில் என் உடம்பு என்னிடமே திரும்பி வந்துவிடும்.

தெளிவு ஐயா, குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். குழந்தைக்குக் கூச்சம் இல்லை. எங்களுக்கு இருக்கிறது. உணர்ச்சியற்ற உடம்பிலும் கூச்சம் இருக்கிறது.

தெளிவு:

ஐயா, அந்த ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நினைவில் வேகமாக எழுதிவிட்டேன்.

பயிற்சியாளர்_தொடுகை:

இரவுப்பணி அவர்கள் சொன்ன "கையைக் கீழே நீட்டுவது" என்பதை விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பிரான்சில் ஈவ் ஜினெஸ்த், ரோசெத் மரெஸ்கொத்தி என்ற இருவர் 1979 முதல் இதற்கென்றே ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். பார்வை, பேச்சு, தொடுகை, நிமிர்ந்து நிற்றல் என்ற நான்கும் அதன் தூண்கள். மேலிருந்து விரல்களால் கவ்விப் பிடிப்பது காவலர் கைது செய்யும் பிடி. உடம்பு அதை அப்படித்தான் புரிந்துகொள்ளும். விரித்த உள்ளங்கையால் கீழிருந்து தாங்குவதும், ஒரு கை எப்போதும் உடம்பிலிருந்து எடுபடாமல் இருப்பதும் அமைதியைத் தரும். செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதும் அந்த முறையில் உண்டு. பதில் பேசாதவரிடம் நாம் சில நொடிகளிலேயே பேச்சை நிறுத்திவிடுகிறோம் என்பதால்தான் அது.

இன்னொன்று. செவிலியர் பாடத்தில் முகத்தைத்தான் முதலில் துடைக்கச் சொல்வார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு முகத்தையும் தலையையும் கடைசிக்கு வைப்பதே நல்லது. ஈரம் முகத்தில் பட்டதும் அஞ்சிவிடுகிறார்கள்.

வார்டுசெவிலி:

முகத்தை முதலில் துடைப்பது சுத்தத்துக்காக. மற்ற இடத்தைத் துடைத்த தண்ணீர் கண்ணுக்குப் போகக் கூடாது. முகத்துக்கென்று தனித்துணியும் புதுத்தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டால் கடைசியில் துடைப்பதில் எனக்கு மறுப்பில்லை. கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு முனை.

துண்டுக் குளியல் என்று ஒன்றும் உண்டு. அலசத் தேவையில்லாத திரவம் கலந்த வெந்நீரில் பெரிய துண்டை நனைத்துப் பிழிந்து, கழுத்து முதல் பாதம் வரை போர்த்தி, துண்டின் மேலிருந்தே நீவித் துடைப்பது. ஒரு நொடிகூட உடம்பு திறந்திருக்காது. அமெரிக்காவில் 15 இல்லங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் அடிப்பது, கத்துவது போன்றவை 60 சதவீதம் குறைந்தன. அவரவர் விருப்பம் அறிந்து ஷவரில் குளிப்பாட்டப்பட்டவர்களிடம் 53 சதவீதம் குறைந்தன.

இரவுப்பணி:

இதையெல்லாம் படிக்கும்போது நெஞ்சு நிறைகிறது. கூடவே வலிக்கிறது. எங்கள் பிரிவில் காலையில் இரண்டு பேர் சேர்ந்து பதினெட்டுப் பேரைச் சாப்பாட்டு வேளைக்குள் தயார்செய்ய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை காத்திரு என்று நான் எழுதிவிட்டேன். நானே பல நாள் காத்திருக்க முடியாமல் போயிருக்கிறது. எல்லாரையும் காலையிலேயே குளிப்பாட்ட வேண்டும் என்ற சட்டத்தை யார் போட்டது என்று தெரியவில்லை. மாலையில் குளித்துப் பழகியவர்களை மாலைக்கு மாற்றினோம். காலை நெரிசல் குறைந்தது, அவர்களும் தகராறு செய்யவில்லை. சகோதரி, உங்கள் அம்மா வீட்டில் எந்த நேரத்தில் குளிப்பார் என்று இல்லத்தில் யாராவது உங்களைக் கேட்டார்களா?

மூத்தமகள்:

கேட்கவில்லை. நானும் சொல்லத் தோன்றாமல் இருந்துவிட்டேன். அம்மா எல்லா வேலையும் முடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் குளிப்பார். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான்.

இன்னும் இரண்டு கேள்விகள். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், துலக்கியைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறார், நாற்றம் அடிக்கிறது. இடது கை விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. உள்ளங்கையில் அழுக்குச் சேர்ந்து புளித்த வாடை வருகிறது. விரித்தால் உடைந்துவிடுமோ என்று பயம்.

வார்டுசெவிலி:

கையை முதலில் சொல்கிறேன். விரல்களை நேராக விரிக்கப் போனால் மேலும் இறுகும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்குங்கள். விரல்களை இழுக்கும் தசைநாண்கள் தளர்ந்து, விரல்கள் தாமாகவே சற்று அவிழும். பெருவிரலை அதன் அடியிலிருந்து விலக்குங்கள், நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். வெந்நீரில் நனைத்த மெல்லிய துணியை இடுக்கில் நுழைத்துத் துடைத்து, உலர்த்தி, சுருட்டிய துணி ஒன்றைப் பிடிக்கக் கொடுங்கள். நகம் நீண்டால் உள்ளங்கையைக் குத்திப் புண்ணாக்கிவிடும், அதைக் கட்டாயம் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கால் நகத்தை மட்டும் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

பல்லகம்:

வாய்க்கு நான் பதில் சொல்கிறேன், பல் மருத்துவமனையில் பணிபுரிபவள். பராமரிப்பில் முதலில் கைவிடப்படுவது வாய்தான். வாயில் சேரும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள்: ஒவ்வொரு உணவுக்குப் பின்பும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது; அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 19 சதவீதத்தினருக்கு.

தலைமாட்டை உயர்த்தி உட்காரவையுங்கள். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் துண்டு போடுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான துலக்கி, பட்டாணி அளவு பற்பசை. முதலில் உதட்டை ஈரப்படுத்துங்கள். ஒரு விரலைக் கன்னத்தின் உட்புறமாகப் பற்களுக்கு வெளியே நுழைத்து வெளிப்பக்கத்தை மட்டும் துலக்கினால் கடிக்க வராது. பற்களுக்கு நடுவே விரலை ஒருபோதும் விடாதீர்கள். கடித்துப் பிடித்தால் இழுக்க வேண்டாம். தாடையை மெல்லத் தடவிக் காத்திருந்தால் தளர்த்துவார். விழுந்த பக்கக் கன்னத்தில் சாப்பாடு தங்கியிருக்கும், அவருக்கு அது தெரியவே தெரியாது. நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பஞ்சுக்குச்சி வாயை நனைக்கும், பற்படலத்தை எடுக்காது. பல்செட் இருந்தால் இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், வெந்நீர் கூடாது, உருமாறிவிடும்.

தெளிவு:

ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்குப் பின்புறம் சிவந்திருந்தபோது "டயபர் சிவப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அது படுக்கைப் புண் என்று தெரிந்தது. எப்படிப் பிரித்தறிவது?

வார்டுசெவிலி:

ஈரத்தால் வரும் சிவப்பு மடிப்புகளிலும் பிட்டத்திலும் பரவலாக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். அழுத்தத்தால் வருவது வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் என்று எலும்பு துருத்தும் இடத்தில் தனித்துத் தெரியும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது நிறம் மாறி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவே கூடாது. படுத்த பக்கத்தை மாற்றுவதுதான் முதல் மருந்து. ஈரச் சிவப்புக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்க வேண்டாம், அழுக்கான மேல்பூச்சை மட்டும் துடைத்தால் போதும்.

குளிப்பாட்டும் நேரம்தான் முழு உடம்பையும் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம். உங்கள் அப்பாவின் டயபரை அன்றாடம் யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஆனால் யாரும் பார்க்கவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

மூத்தமகள் (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அம்மாவின் இடது தோளில் பள்ளம் இருந்தது. என் விரல் அதில் பதிந்தபோது அம்மா பல்லைக் கடித்தார். மருத்துவர் பார்த்து, மூட்டு இறங்கியிருப்பதாகச் சொல்லி, குளியலுக்கு முன்பாக வலி மாத்திரையும் கைக்குத் தாங்கலும் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதமாக அந்தக் கையைத் தூக்கியிருக்கிறார்கள். நானும் தூக்கியிருக்கிறேன், சட்டை மாற்றும்போது.

பொறுப்புச் செவிலியரிடம் பேசினேன். கோபப்படவில்லை அவர். குளியலை மாலைக்கு மாற்றித் தந்தார்கள். வாரம் இரண்டு நாள் துண்டுக் குளியல். அன்று அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கியிருந்த பெண்ணே முதல் நாள் என்னோடு சேர்ந்து செய்தார். முழங்கைக்குக் கீழே கைகொடுத்துவிட்டு, "அம்மா, இப்போது கையைக் கொஞ்சம் விலக்கட்டுமா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, கண்ணையும் மூடிக்கொள்ளவில்லை. வலது கையில் கொடுத்த துணியால் தன் கழுத்தைத் துடைத்தார், பிறகு அந்தப் பெண்ணின் நனைந்த முன்கையையும் துடைத்துவிட்டார். அந்தப் பெண் அழுதுவிட்டார்.

உள்ளங்கை வாடை போய்விட்டது. வாய் இன்னும் சிரமம்தான். சில நாள் திறக்கிறார், சில நாள் கடிக்கிறார். பல்லகம் அம்மா சொன்னதுபோல் வெளிப்பக்கம் மட்டும் துலக்கிவிடுகிறேன்.

நேற்று நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: "இடது தோள் வலிக்கும். கீழிருந்து தாங்கவும். மாலையில் குளிப்பார். துணியைக் கையில் கொடுத்துவிடவும்."